‘மண்ணடி வீடு’ குழுவில் யூசுஃபின் பள்ளிக்கூடம்

ஞாயிறு, ஜூன் இரண்டாம் வாரம்

ஹாஜரா (காலை 9.12): அஸ்ஸலாமு அலைக்கும். யூசுஃபையும் சஃபாவையும் இந்த வருடம் வீட்டிலேயே படிக்கவைக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அவனுக்கு ஏழு, அவளுக்கு நாலரை. அவன் நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்து, அஞ்சு மணிக்குக் குர்ஆன் ஓத மதரஸா போய், இரவு இஷா தொழுகைக்குள் சோற்றுத் தட்டிலேயே தூங்கி விழுகிறான். பள்ளிப் பாடமும் ஓதலும் வீட்டில் என்றால் பகல் முழுக்க நேரம் இருக்கும். ஆன்லைனில் நீங்கள் பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்தது இருந்தால் சொல்லுங்கள். போட்டுப் பார்த்தது மட்டும்!

மஹ்மூது சாச்சா: வ அலைக்குமுஸ்ஸலாம். மாஷா அல்லாஹ்.

மஹ்மூது சாச்சா: (பலமுறை அனுப்பப்பட்டது) முஸ்லிம் குழந்தைகளுக்கு ஆயிரம் இலவச ஒர்க்‌ஷீட்டுகள்!! இன்று இரவு 12 மணி வரை மட்டும்!!

நிலோஃபர்: சாச்சா, போன ரமளானிலும் இது இன்று இரவு 12 மணி வரைதான் இருந்தது.

ஜமால் காக்கா: இங்கே துபாயில் என்னோடு வேலை செய்பவர் ஒரு அமெரிக்க வெப்சைட்டுக்கு மாதச் சந்தா கட்டுகிறார். கணக்கு, அறிவியல், இஸ்லாமியப் பாடம் எல்லாம் ஒரே இடத்தில். கேட்டு அனுப்பவா? ஆனால் அதற்கு முன்னால் ஒன்று. அவன் பத்தாவது எழுத வேண்டாமா? சர்டிபிகேட் எங்கிருந்து வரும்?

நிலோஃபர்: நான் மூன்று ஆப் அனுப்புகிறேன்.

நிலோஃபர்: இன்னும் இரண்டு.

சுலைஹா ராத்தா: ஹாஜரா, கொஞ்சம் பொறு. உலை வைத்திருக்கிறேன், முடித்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை எதையும் டவுன்லோட் செய்யாதே.

உம்மா: (குரல் செய்தி 0.52)

நிலோஃபர்: உம்மா பேசியதை, பஸ்ஸில் இருப்பவர்களுக்காக எழுதிவிடுகிறேன். “படிப்பு எங்கே படித்தாலும் படிப்புதான். ஓதுவதை மட்டும் போனில் விட்டுவிடாதீர்கள். பிள்ளை வாயைப் பார்த்துத் திருத்த ஆள் வேண்டும். போனுக்கு என்ன தெரியும், பிள்ளை தொண்டையிலிருந்து ஓதுகிறதா உதட்டிலிருந்து ஓதுகிறதா என்று?” அப்புறம் அரை நிமிடம் மீன்காரரோடு பேசியிருக்கிறார்கள்.

சுலைஹா ராத்தா (10.40): உம்மா சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். ஓதல் வேறு, மற்றப் பாடம் வேறு. இரண்டுக்கும் ஒரே ஆப் தேடாதே.

சுலைஹா ராத்தா: பாடத்துக்கு முதலில் நம் அரசுப் புத்தகம். எல்லா வகுப்புப் புத்தகங்களும் பிடிஎஃப்பாகச் சும்மா கிடைக்கின்றன. காகிதத்தில் வேண்டுமென்றால் நுங்கம்பாக்கத்தில் டிபிஐ, அதாவது பள்ளிக் கல்வித் துறை வளாகத்தில் வாங்கிக்கொள். பாடத்தின் பக்கத்தில் க்யூஆர் கோடு இருக்கும். தீக்ஷா ஆப்பில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோ வரும். கல்வித் தொலைக்காட்சியின் யூடியூப் சேனலிலும் தமிழில் பாடங்கள் இருக்கின்றன. சும்மா கிடைக்கிறது என்று இதை யாரும் மதிப்பதில்லை. நாளைக்கு நீ மனம் மாறிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாலும் அங்கேயும் இதே பாடம்தானே நடக்கும்?

சுலைஹா ராத்தா: தமிழ் வாசிக்க ஸ்டோரிவீவர் என்ற கதை வெப்சைட். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கியது. நான்கு நிலைகளாகப் பிரித்திருப்பார்கள். முதல் நிலையில் பக்கத்துக்கு ஒரு வரி, இரண்டு வரிதான். பிடிஎஃப் எடுத்துப் பிரிண்ட் போடலாம். சஃபாவுக்கு கான் அகாடமி கிட்ஸ் ஆப். பணமும் இல்லை, விளம்பரமும் இல்லை. ஆங்கிலம்தான், அதனால் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் பேசிக்கொண்டே செய்ய வேண்டும். நடுவில் பாட்டு வரும். மியூசிக் வேண்டாம் என்கிற வீடு என்றால் சத்தத்தைக் குறைத்துவிடு.

ஹாஜரா: எவ்வளவு நேரம் ராத்தா?

நிலோஃபர்: சஃபா வயதுக்கு உலக சுகாதார நிறுவனமே 2019இல் சொல்லிவிட்டது, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று. யூடியூப் கிட்ஸ் போடுவதென்றால் நாம் அனுமதித்த வீடியோ மட்டும் தெரிகிற மாதிரி செட்டிங் இருக்கிறது. ஆட்டோபிளேயையும் நிறுத்திவிடுகிறேன். சாயங்காலம் வந்து போனை வாங்கிக்கொள்கிறேன் மச்சி.

சுலைஹா ராத்தா: இஸ்லாமியப் பாடத்தில்தான் கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு பார்க்க வேண்டும். அந்த ஒர்க்‌ஷீட்டுகள் கெட்டவை என்று சொல்லவில்லை. ஆனால் செய்தவர்கள் அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ இருக்கிறார்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைக்காகச் செய்திருக்கிறார்கள். ஜகாத் கணக்கு டாலரில் வரும். பள்ளிவாசலுக்குப் போகிற பையன் பனிக்குல்லா போட்டிருப்பான். இதெல்லாம் பரவாயில்லை, சிரித்துவிட்டுப் போகலாம். தொழுகையில்தான் சிக்கும். என் சின்னவளுக்கு, தொழுகையின் நிலைகளை வெட்டி வரிசையாக ஒட்டுகிற தாள் ஒன்று எடுத்துக் கொடுத்தேன். அழகாக ஒட்டிக்கொண்டு போய் உம்மாவிடம் காட்டினாள். உம்மா மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, “சுபுஹு தொழுகையில் குனூத்து எங்கே?” என்றார்கள்.

மஹ்மூது சாச்சா: ஹா ஹா. ஹனஃபி தாள்.

சுலைஹா ராத்தா: ஆமாம். ஹனஃபி வழிமுறையில் சுபுஹு என்கிற விடியற்காலைத் தொழுகைக்குக் குனூத்து என்கிற பிரார்த்தனை இல்லை, நம் ஷாஃபி வழிமுறையில் உண்டு. இரண்டும் சரியான வழிதான். ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்குத் தாளில் ஒன்று, வாப்பா பக்கத்தில் நின்று தொழும்போது வேறொன்று என்றால் குழம்பிவிடும். அதனால் தொழுகை, அதற்குமுன் கைகால் கழுவுகிற ஒளு இரண்டுக்கும் நான் எதையும் டவுன்லோட் செய்வதில்லை. பிள்ளை நம் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளட்டும். நபிமார் வரலாறு, அரபி எழுத்துக்கு மேல் எழுதிப் பழகுகிற தாள், நோன்புக் காலண்டர் இதெல்லாம் தாராளமாக எடு.

ஜமால் காக்கா: அப்படியென்றால் சந்தா வேண்டாமா?

சுலைஹா ராத்தா: வேண்டாம் காக்கா. அந்தப் பணத்தை ஓதிக் கொடுக்கிற உஸ்தாதுக்குக் கொடுக்கலாம்.

சுலைஹா ராத்தா: ஹாஜரா, ஓதலுக்கு வருகிறேன். அரபி எழுத்துப் பழகுகிற காயிதா வரை நீயே சொல்லிக் கொடுக்கலாம். குர்ஆனின் கடைசிப் பகுதியான அம்ம ஜுஸ்வு மனப்பாடத்துக்கு ஷைக் ஹுஸரியின் ‘முஅல்லிம்’ ஒலிப்பதிவைப் போடு. நிறுத்தி நிதானமாக ஓதுவார். குர்ஆன் ஆப்களில் ஒரு ஆயத்தை (வசனத்தை) மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிடலாம். அது கேட்க. திருத்த ஆள் வேண்டும். உஸ்தாது வீட்டுக்கு வர முடியாமல் வீடியோவில்தான் என்றால், தனியாக ஒரு பிள்ளைக்கு ஒரு உஸ்தாது என்று பார். பத்துப் பிள்ளைகள் சேர்ந்த வகுப்பில் ஒன்பது பேர் மைக்கை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள்.

சுலைஹா ராத்தா: இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. ஜூம் போன்ற ஆப்கள் இரைச்சலைக் குறைக்கிறேன் என்று குரலையும் சேர்த்து வடிகட்டும். மூச்சோடு வருகிற எழுத்துகளை அது ஃபேன் சத்தம் என்று நினைத்துக்கொள்ளும் போலிருக்கிறது. அரபியில் பெரிய ஹா, சின்ன ஹா என்கிற இரண்டு எழுத்தும் அந்தப் பக்கம் ஒரே மாதிரிதான் கேட்கும். எங்கள் உஸ்தாது வாரக்கணக்காக ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். பிள்ளை அழுதேவிட்டாள். அப்புறம் ஆடியோ செட்டிங்கில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்று இருப்பதை ஆன் செய்து, ஃபேனை நிறுத்தி, போனை முகத்துக்குப் பக்கவாட்டில் வைத்தோம். அடுத்த நாளே “இதுதான், இதுதான்” என்றார்.

உம்மா: (குரல் செய்தி 0.06)

நிலோஃபர்: “நான்தான் சொன்னேனே.”

ஜமால் காக்கா: சர்டிபிகேட் பற்றி இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

சுலைஹா ராத்தா: சொல்கிறேன். என்ஐஓஎஸ், தேசிய திறந்தநிலைப் பள்ளி. மத்திய அரசுடையது, 1989இலிருந்து இருக்கிறது. பத்தாவது எழுத 14 வயது ஆகியிருக்க வேண்டும். பாடங்களில் தமிழ் உண்டு, அரபியும் உண்டு. என் மூத்தவன் அதில்தான் பதிந்திருக்கிறான். அதற்கு முந்திய நிலைக்கும் மூன்றாவது, ஐந்தாவது, எட்டாவதுக்குச் சமமாக ஏ, பி, சி என்று மூன்று படி வைத்திருக்கிறார்கள். நடுவில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்றாலும், கட்டாயக் கல்விச் சட்டத்தில் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஆனால் இடம் கொடுக்கிற பள்ளிக்கூடம் கேள்வி கேட்கத்தான் செய்யும், அதனால் அவன் நோட்டுகளைத் தேதி போட்டு எடுத்து வை.

ஜமால் காக்கா: சரி. நான் எதிர்க்கவில்லை. கேட்டேன், அவ்வளவுதான்.

ஹாஜரா (மதியம் 2.05): ராத்தா, ஜஸாகல்லாஹ். ஒரு சின்னச் சந்தேகம். யூசுஃபுக்கு என்று தொழுகை நேரம் சொல்கிற ஆப் ஒன்று போட்டிருந்தேன். அது பிற்பகல் தொழுகையான அஸருக்கு 4.40ஐத் தாண்டிக் காட்டுகிறது. இங்கே பள்ளிவாசலில் மூன்றரையை ஒட்டிப் பாங்கு சொல்லிவிடுகிறார்கள். “யார் பொய் சொல்கிறார்கள்?” என்று கேட்கிறான்.

நிலோஃபர்: ஆப்பில் அஸர் கணக்கு ஹனஃபியில் இருக்கும். செட்டிங்கில் ஷாஃபிக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

மஹ்மூது சாச்சா: மாற்றாதே! மாற்றாதே ஹாஜரா.

மஹ்மூது சாச்சா: பிள்ளையே கேள்வி கேட்டிருக்கிறான், அதைப் போய் செட்டிங்கில் அமுக்கிவிடுவதா? ரிட்டயர் ஆகும்வரை கணக்கு வாத்தியாராக இருந்தவன் சொல்கிறேன், கேள். நாளைக்கு உங்கள் மொட்டைமாடிக்கு வருகிறேன். 30 செ.மீ. ஸ்கேல் ஒன்று, சாக்பீஸ் ஒன்று, ஸ்கேலை நிமிர்த்தி நிறுத்தக் கொஞ்சம் களிமண் எடுத்து வை. 12 மணிக்கெல்லாம் நான் அங்கே இருப்பேன்.

நிலோஃபர்: சாச்சா, வெயில்!

மஹ்மூது சாச்சா: வெயில் இல்லாமல் நிழல் எப்படி வரும்?

திங்கள்

ஹாஜரா (12.21): (படம்)

ஹாஜரா: சாச்சாவும் யூசுஃபும் குடை பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். 12.10க்கு நிழல்தான் மிகச் சின்னது. ஐந்து செ.மீ. சொச்சம். ஆனால் நிழல் தெற்குப் பக்கம் விழுகிறது சாச்சா, சூரியன் தெற்கே இருக்கும் என்றுதானே நாங்கள் படித்தோம்?

மஹ்மூது சாச்சா: ஜூன் மாதம் சென்னைக்கு நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நேராகத் தலைக்கு மேல் வரும், அன்றைக்கு ஸ்கேலுக்கு நிழலே இருக்காது. இப்போது பையன் நோட்டில் என்ன எழுதியிருக்கிறான் என்று பார். நண்பகல் நிழலோடு ஸ்கேலின் நீளத்தைக் கூட்டினால் முப்பத்தைந்து செ.மீ. சொச்சம். நிழல் அந்தக் கோட்டைத் தொடும்போது ஷாஃபி அஸர். ஸ்கேலின் நீளத்தை இரண்டு தடவை கூட்டினால் ஹனஃபி அஸர். கூட்டல் அவனே போட்டது. நான் சாக்பீஸ் மட்டும்தான் பிடித்தேன்.

ஹாஜரா (3.41): நிழல் முதல் கோட்டைத் தாண்டும்போது பாங்கு முடிந்திருந்தது. இரண்டாவது கோட்டுக்கும் காத்திருப்பேன் என்கிறான். யாரும் பொய் சொல்லவில்லையாம்.

ஜமால் காக்கா: நானும் லஞ்ச் நேரத்தில் தண்ணீர் பாட்டிலை வெளியே வைத்துப் பார்த்தேன். நிழலே இல்லை. பாட்டிலுக்கு அடியிலேயே ஒளிந்துகொண்டது.

மஹ்மூது சாச்சா: துபாய் கடக ரேகைக்குக் கொஞ்சம்தான் வடக்கே. ஜூனில் அப்படித்தான் இருக்கும். எத்தனை மணிக்குப் பார்த்தாய்?

ஜமால் காக்கா: 12.20 இருக்கும்.

ஹாஜரா: யூசுஃப் கேட்கிறான்: மாமாவுக்கு ஏன் நிழல் இல்லை, நமக்கு மட்டும் இருக்கிறதே? நாளைக்கும் 12.20க்குப் பாட்டில் வைத்துப் படம் அனுப்பச் சொல்கிறான். பக்கத்தில் ஸ்கேலும் வைக்க வேண்டுமாம்.

ஜமால் காக்கா: ஆபீஸில் ஸ்கேலுக்கு எங்கே போவேன்? சரி, வாங்குகிறேன்.