சிறுகுறிஞ்சான் பொடி மருந்தா, உணவா? லேபிள் சந்தேகம்

மஞ்சக்குப்பம் அக்கா:
வணக்கம். கடலூரில் வீட்டிலேயே சிறுகுறிஞ்சான் இலையை நிழலில் காயவைத்து, இடித்துச் சலித்து 100 கிராம் பாக்கெட்டாக விற்கிறேன். இதுவரை கையால் எழுதித்தான் ஒட்டினேன். இப்போது லேபிள் அடிக்கப் போனால், ‘சர்க்கரை நோய் குணமாகும்’ என்ற வரியைப் பார்த்து மருந்து உரிம எண் கேட்கிறார்கள். என்னிடம் உணவுப் பாதுகாப்புப் பதிவு மட்டும்தான் உண்டு. வேலியில் படர்கிற கொடி எப்படி மருந்தாகும்? பாண்டியில் ஒரு கடைக்காரரும் கேட்கிறார். அங்கே சட்டம் வேறா?

மூலிகைக்கடைத் தம்பி:
அச்சகத்தில் கேட்டது நியாயம்தான் அக்கா. இந்த இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மணல் மாதிரி இருக்கும், அவ்வளவு வீரியம். ஆனால் சட்டம் இலையை மட்டும் பார்ப்பதில்லை, எதற்கென்று சொல்லி விற்கிறோம் என்பதையும் பார்க்கும். நோயைத் தீர்க்க, தணிக்க, தடுக்க என்று சொன்னால் 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டம் வந்துவிடும். சித்த மருந்தும் அதில் அடக்கம். தயாரித்து விற்க உரிமம் வேண்டும். வைத்தியர் தன் நோயாளிக்கு மட்டும் செய்து கொடுத்தால் விலக்கு உண்டு, அது உங்களுக்குப் பொருந்தாது. இது மத்திய சட்டம், பாண்டிக்கும் இதேதான்.

மஞ்சக்குப்பம் அக்கா:
சரி தம்பி, அந்த வரியை எடுத்துவிட்டால் உணவாகிவிடுமா?

லாஸ்பேட்டை அண்ணன்:
எடுத்தே ஆக வேண்டும்மா. 1954ஆம் ஆண்டு விளம்பரச் சட்டத்தின் அட்டவணையில் நீரிழிவும் இருக்கிறது. மருந்து உரிமமே வைத்திருந்தாலும் குணமாகும் என்று விளம்பரம் செய்யக் கூடாது.

எடுத்தால் மட்டும் போதாது. சத்துப்பொருள் உணவுகளுக்கான (நியூட்ராசூட்டிகல்) 2016ஆம் ஆண்டு விதிகளில் எந்தச் செடி, எந்தப் பாகம், ஒரு நாளைக்கு எவ்வளவு என்று பட்டியல் உண்டு. அமுக்கராவில் (அசுவகந்தா) வேர் சரி, இலை கூடாது. பாகம் அவ்வளவு முக்கியம். அந்த வகையில் விற்க வெறும் பதிவு போதாது, உரிமம் வேண்டும். உங்கள் பொடி எந்த வகையில் வரும் என்று மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் மனு கொடுத்து, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

அப்புறம் ஒன்று. என் அம்மா சர்க்கரை மாத்திரையோடு இந்தப் பொடியையும் குடித்து வந்தார். ஒரு நாள் காலையில் சர்க்கரை ரொம்ப இறங்கி, வியர்த்துக் கொட்டி, தம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எச்சரிக்கை போடாமல் தராதீர்கள்.

மஞ்சக்குப்பம் அக்கா:
அச்சு வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன் அண்ணே. என்னிடம் வாங்குகிறவர்களில் பாதிப்பேர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள்தான். இன்றைக்கே ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்கிறேன். பதில் வரும்வரை பாண்டிக்கும் அனுப்பப் போவதில்லை.