பேரிங் கிளியரன்ஸ்: ‘மசகிடை’ பொருந்துமா?

> ‘எண்ணெய் இடைவெளி’ என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

வணக்கம் ஐயா. எஞ்சினில் சுற்றும் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே விடும் மெல்லிய இடம்தான் கிளியரன்ஸ். அதற்கு நான் சொன்ன ‘மசகிடை’ (மசகு + இடை) வேண்டாம் என்கிறீர்கள். நீங்கள் சொல்வது புரியும்தான், ஆனால் ‘இடைவெளி’ என்றால் சும்மா கிடக்கும் காலி இடம் என்று ஆகிவிடுகிறது. கிராங்க், அதாவது எஞ்சினின் சுழல்தண்டு, சுற்றும்போது இந்த இடம் காலியாக இருப்பதே இல்லை. அதில் நிற்கும் எண்ணெய்ப் படலம்தான் தண்டின் பாரத்தைத் தாங்குகிறது. ‘மசகிடை’ அதைச் சொல்லிவிடும். ‘மசகிடை அளவு’, ‘மசகிடை கூடிவிட்டது’ என்று பேச்சிலும் தடங்கலில்லாமல் வரும்.

குன்னூர்ப் பட்டறைகளில் ‘ஆட்டம்’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. தேய்ந்து லூசானால்தான் ஆட்டம். அதை இதற்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். நாம் வேண்டுமென்றே விடுவது வேறு, தேய்மானத்தில் வருவது வேறு.

பேரிங்குக்கு வழங்கும் ‘தாங்கு உருளை’யும் இங்கே சரிப்படாது. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடில் உருளை ஏது? இரண்டு அரைவட்டத் தகடுகள், நாட்டு ஓட்டைச் சின்னதாகச் செய்தது போல. ‘தாங்கியோடு’ என்கிறேன்.

இனி அளவு. தோராயக் கணக்கு, தண்டின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு: 50 மி.மீ. ஜர்னலுக்கு (தண்டில் பேரிங் பிடிக்கும் பகுதி) 0.05 மி.மீ. அந்த எஞ்சினின் மேனுவல் வேறு அளவு சொன்னால் அதுதான் முடிவு. கிராங்கைக் கடைந்து 0.25 மி.மீ. குறைத்திருந்தால் அதற்கேற்ற 0.25 அண்டர்சைஸ் ஓடு வேண்டும். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி அப்படியே மாட்டக் கூடாது, அளந்தே ஆகவேண்டும்.

ஓடுகளைப் பொருத்தி, கனெக்டிங் ராடின் மூடியை மேனுவல் சொன்ன டார்க்கில் (முறுக்கு விசையில்) முறுக்கிய பிறகு உள்விட்டத்தை எடுங்கள். அதில் ஜர்னல் விட்டத்தைக் கழித்தால் மசகிடை. இரண்டு ஓடுகளும் சேரும் இணைப்புக் கோட்டுக்குச் செங்குத்தாக அளக்க வேண்டும். ஓடு நடுவில் தடிமனாகவும் விளிம்பில் சற்று மெலிந்தும் இருப்பதால், பக்கவாட்டில் எடுத்தால் அளவு கூடுதலாகக் காட்டும். மசகிடையை அளக்கப் பயன்படும் நசுங்கும் இழையான பிளாஸ்டிகேஜுக்கு ‘மெழுகுநூல்’ போதும்: எண்ணெய் துடைத்த ஜர்னல்மேல் வைத்து முறுக்கி, கிராங்கைத் திருப்பாமல் கழற்றி, நசுங்கிய அகலத்தை உறையிலுள்ள கோடுகளோடு ஒப்பிட்டால் ஆயிற்று.

மலைப்பாதை என்பதால் மசகிடையைக் கொஞ்சம் குறைத்து இறுக்கி விடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் பாரத்தோடு ஏறும் ஜீப்பை, டிரைவர் கியர் குறைக்காமல் திணறவிட்டு ஓட்டினால், சுற்று குறைந்து பாரம் கூடி, படலம் மெலிந்துபோகும். இறுக்கினால் எண்ணெய் ஓட்டமும் குறைந்து ஓடு சூடேறும். அதற்காக லூசாக விட்டாலும் எண்ணெய் அழுத்தம் விழுந்து தட்டும் சத்தம் வந்துவிடும்.

அப்புறம், பேரிங் பொருத்துவதில் வரும் ‘கிரஷ்’ஷுக்கு இன்னும் சொல் அமையவில்லை. ஓட்டின் விளிம்பு மயிரிழை மேலே நின்று, மூடியை முறுக்கும்போது அமுங்கி, தாங்கியோட்டை அதன் குழிக்குள் இறுகப் பிடிக்கவைக்கிறதே, அது. ‘நெரிப்பு’ என்றால் சேதமானது போலத் தோன்றுகிறது. ‘அமுக்குமிகை’ எப்படி? வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.