குருமண்வெளிப் பாதையில் போய்வர இரும்பு பிரேம் மௌண்டன் சைக்கிள்: எதைப் பார்த்து வாங்குவது?

துறையடி வாத்தி (களுவாஞ்சிகுடி)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், வெல்லாவெளிக்கும் அங்கால். வீட்டிலிருந்து குருமண்வெளித் துறைக்குச் சைக்கிளில் போய், பாதையில் (வாவியைக் கடக்கிற மிதவையை இங்கே அப்படித்தான் சொல்வோம்) ஏறி மண்டூரில் இறங்கி, மறுகாவும் மிதிக்க வேண்டும். ஒரு வழிக்குப் பதினான்கு கிலோமீற்றர் வரும். பாதி தூரம் காபட் வீதி, மீதி கிரவல். வேளாண்மை வெட்டுக் காலத்தில் உழவு மெசின் ஓடி ஓடி அந்தக் கிரவல் வீதி தகரக்கூரை மாதிரி வரிவரியாகிவிடும். தவணைப் பரீட்சை முடிந்தால் கரியரில் ஏழெட்டுக் கிலோ விடைத்தாள் கட்டியிருக்கும்.

2022இல் பெற்றோல் இல்லாத நேரம், கேட்ட விலை கொடுத்து ஓர் அலுமினியம் சைக்கிள் வாங்கினேன். முன்னுக்குச் சொக், டிஸ்க் பிறேக், பார்க்க வடிவு. வாவித் தண்ணீர் தெறித்துத் தெறித்து ஒன்றரை வருடத்தில் சொக் இறுகிவிட்டது. அதைப் பொருட்படுத்தாமல் தொடர்ந்து ஓடினேன். போன மாதம் பின் சில்லுக்குப் பக்கத்தில், இடது பைப்பில், ஒரு தலைமுடி ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் துடைத்தேன், போகவில்லை. நகத்தால் சுரண்டினேன், நகம் உள்ளே போனது. வெல்டிங் கடைக்காரர் தொட்டும் பார்க்கவில்லை. "சேர், இது அலுமினியம், என்ட கம்பிக்கு ஒட்டாது" என்றார்.

இனி இரும்புதான் என்று முடிவு. இப்போது இரண்டு கண்ணில் பட்டிருக்கிறது:

ஒன்று, கடையில் புதியது. ஹை டென்சில் ஸ்டீல் என்று ஸ்டிக்கர், 21 கியர், முன்னுக்குச் சொக், டிஸ்க் பிறேக். 62,000 ரூபாய்.

மற்றது ஜப்பானில் இருந்து வந்த பழைய 26 அங்குலம். சொக் இல்லை, பெயின்ற் பாதி இல்லை. சீட் பைப்பில் அரைவாசி கிழிந்த ஸ்டிக்கரில் 'டாங்கே' (ஜப்பான் பைப் கம்பனி), 'குரோமொலி' (குரோமியமும் மொலிப்டினமும் கலந்த ஸ்டீல்) என்று வாசிக்க முடிகிறது. 45,000 கேட்கிறார். பழைய இரும்புக் கடைக்கு நிறுத்துக் கொடுக்கிற சாமானைக் காசு கொடுத்தா வாங்கப் போகிறீர்கள் என்று வீட்டில் சிரிக்கிறார்கள்.

நான் ஐந்தடி ஏழு அங்குலம், 70 கிலோ. எதை எடுக்கலாம்?

---

மருதமுனைக் காக்கா

சேர், ரெண்டையும் விட்டுருங்க. எங்கட வீடு கடலுக்கு இருநூறு யார் தூரம். நானும் இரும்புதான் பலம் என்று ஒரு சைக்கிள் எடுத்தேன். மூன்றாவது மாரியோடு கிராங்க் பக்கத்துப் பைப்பை மகன் பெருவிரலால் அமத்த, விரல் உள்ளே போய்விட்டது. பொய்யில்லை. வெளியே பெயின்ற் நல்லாத்தான் இருந்தது, கறள் உள்ளுக்கிருந்து தின்றிருக்கிறது. உப்புக் காற்று வீசுகிற ஊரில் இரும்பு வாங்குவது கடனுக்கு வட்டி கட்டுவது மாதிரி. இன்னொரு அலுமினியமே எடுங்க, சொக் இல்லாததாக.

---

செங்கலடி சில்லுக்காரன்

காக்கா சொல்வது நடக்கிற விஷயம்தான், அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் சேரிடம் ஒரு கேள்வி. உடைந்த இடத்தில் கரியரின் கால் எப்படிப் பூட்டியிருந்தது? பிரேமில் அதற்கென்று மரை வெட்டிய ஓட்டை இருந்ததா, இல்லை கிளிப் போட்டு இறுக்கியதா?

---

துறையடி வாத்தி

ஓட்டை இல்லை. கடையில் கிளிப் போட்டுத்தான் பூட்டித் தந்தார்கள். கிளிப்பின் விளிம்பில்தான் அந்த முடி.

---

செங்கலடி சில்லுக்காரன்

நினைத்தேன். சேர், உங்கள் சைக்கிள் அலுமினியம் என்பதால் மட்டும் உடையவில்லை. மெல்லிய பைப்பைக் கிளிப் நெரித்துப் பள்ளமாக்கியிருக்கும். அதன் மேல் எட்டுக் கிலோ, வரிவரி வீதியில் நாள்தோறும் ஆயிரக்கணக்கான குலுக்கல். அலுமினியத்தின் குணம், சின்னக் குலுக்கலையும் மறக்காமல் கணக்கு வைத்துக்கொள்ளும். இரும்பு அப்படி இல்லை. ஓர் அளவுக்குக் கீழே எத்தனை தரம் வளைத்தாலும் அதற்குக் களைப்பு இல்லை. அதனால்தான் உங்களுக்கு இரும்பு சரி என்கிறேன். ஆனால் இரும்பிலும் அதே கிளிப்பைப் போட்டால் அதே இடத்தில் நிற்பீர்கள். ஆகவே ஸ்டிக்கரைப் பார்க்க முதல், பின் அச்சுக்கு மேலே இரண்டு பக்கமும் கரியர் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஜப்பான் பிரேம்களில் பெரும்பாலும் இருக்கும்.

ஹை டென்சில் கெட்ட சாமான் இல்லை. நம்மட அப்பாமார் நெல்மூட்டை ஏற்றிய சைக்கிள் எல்லாம் சாதாரண இரும்புதான். குரோமொலிக்கு அதைவிட இழுவைப் பலம் அதிகம், அதனால் பைப்பை மெல்லிசாகச் செய்யலாம், பாரம் குறையும். நல்ல பிரேமில் பைப்பின் தடிப்பு முனையில் ஒரு மில்லிமீற்றருக்குக் கிட்ட இருக்கும், நடுவில் 0.6 அளவுக்கு இறங்கும். விரல் நகத்தால் நடுப் பைப்பைச் சுண்டினால் 'டிங்' என்று சத்தம் வரும். தடித்த பைப் 'டொக்' என்னும். காந்தம் கொண்டுபோய்ப் பார் என்பார்கள், அது அலுமினியமா இரும்பா என்பதைத்தான் சொல்லும், எந்த இரும்பு என்று சொல்லாது.

குரோமொலி கறள் பிடிக்காது என்று விற்கிறவர் சொன்னால் நம்ப வேண்டாம். அதில் குரோமியம் ஒரு வீதம் அளவுதான். கறள் பிடிக்காத ஸ்டீலுக்குப் பத்தரை வீதமாவது வேண்டும். மெல்லிசு என்பதால் கறள் தின்ன ஆரம்பித்தால் இது சீக்கிரம் ஓட்டையாகும். காக்காவின் மகனுடைய விரல் கதை அதுதான்.

இப்போது அந்தப் பழையதை எப்படிப் பார்ப்பது. இதை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். சீட் ஆணியை இளக்கி சீட் தண்டை வெளியே இழுங்கள். வராவிட்டால் விலை பேசாமல் திரும்பி வாருங்கள், இறுகிய தண்டை எடுக்கப் போய் பிரேமை அறுத்தவர்களை நான் கண்டிருக்கிறேன். வந்தால், கைபேசி வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பாருங்கள். கறுப்பாகவோ லேசாகச் சிவந்தோ இருந்தால் பயமில்லை. பொருக்குப் பொருக்காக உதிர்ந்தால் வேண்டாம். சைக்கிளைத் தலைகீழாக்கித் தட்டினால் சீட் பைப் வாயால் என்ன விழுகிறது என்றும் பாருங்கள். அப்புறம் ஹான்டிலுக்குக் கீழே, கீழ்ப் பைப் தொடங்குகிற இடத்தின் அடிப்பக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலால் தடவுங்கள். சின்ன மடிப்போ வீக்கமோ பட்டால் எங்கேயோ முட்டிய சைக்கிள்.

நூல் சோதனை என்று ஒன்று இருக்கிறது. பின் சில்லைக் கழற்றி, அச்சு இருக்கும் இடத்தில் நூலைக் கட்டி, முன் ஹெட் பைப்பைச் சுற்றி மற்றப் பக்க அச்சு இடத்துக்கு இழுத்துக் கட்டுங்கள். தளரக் கூடாது. சீட் பைப்புக்கும் நூலுக்கும் இடையே இடப்பக்கம் எவ்வளவு, வலப்பக்கம் எவ்வளவு என்று அடிமட்டம் வைத்து அளவுங்கள். இரண்டு மில்லிமீற்றர் வித்தியாசம் வரை நான் கணக்கெடுக்க மாட்டேன். பின் சில்லு போகும் அகலத்தையும் அளவுங்கள், 130 அல்லது 135 மில்லிமீற்றர் வரும். 130 என்றாலும் யோசனை இல்லை, இரும்பைக் கையால் கொஞ்சம் விரித்து 135 சில்லைப் போட்டுவிடலாம். அலுமினியத்தில் அந்த வேலை செய்தால் பாடை கட்ட வேண்டியதுதான்.

---

சூரிச் மட்டக்களப்பான்

சேர், காசு கொஞ்சம் சேர்த்து, வெளிநாட்டில் இருந்து நல்ல பிரேம் ஒன்று இறக்கலாமே? ரெனோல்ட்ஸ் என்ற இங்கிலாந்துக் கம்பனியின் 520 பைப்பில் நல்ல பிரேம்கள் கிடைக்கின்றன. 29 அங்குலச் சில்லு கிரவலில் பள்ளத்துக்குள் விழாமல் உருண்டு போகும். நான் இங்கே அதில்தான் ஓடுகிறேன். 26 அங்குலம் எல்லாம் முடிந்த கதை.

---

செங்கலடி சில்லுக்காரன்

தம்பி, உருளுவது உண்மைதான். 520 என்பதும் குரோமொலிதான், இரகசியம் ஒன்றும் இல்லை. ஆனால் வெல்லாவெளியில் டயர் வெடித்தால் சேர் எங்கே போவார்? 26 அங்குல மௌண்டன் டயரும் ரியூபும் எந்தச் சந்தியிலும் தொங்கும். 29க்கு மட்டக்களப்பு நகருக்கு வர வேண்டும், அங்கேயும் இருந்தால்தான். சேர் கவனியுங்கள், நம்ம அப்பாமார் ஓடிய கட்டைச் சைக்கிளின் 28 அங்குல டயர் 29 ரிம்முக்கு ஏறாது. அதன் வாய் 635 மில்லிமீற்றர், 29க்கு 622. பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது.

மற்றது, அந்த 62,000 ரூபாய்ச் சைக்கிளில் உள்ள சொக். இரண்டு இரும்புக் குழாய்க்குள் ஒரு ஸ்பிரிங். பாரம் கூட, பாதைத் தண்ணீர் பட்டால் நீங்கள் ஏற்கனவே கண்ட கதைதான். சொக் இல்லாத ஃபோர்க்கும் இரண்டு அங்குல டயரும் போதும். காற்றைக் கல்லாக அடிக்காமல் பின்னுக்கு 40 psi, முன்னுக்கு 30 psi அளவில் விடுங்கள். டயர்தான் உங்கள் சொக்.

கறளுக்கு: பெயின்ற் கடையில் லின்சீட் ஒயில் வாங்கி, சில்லு, கிராங்க் எல்லாம் கழற்றிய பிரேமுக்குள் ஊற்றி, எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பிடித்து, ஓர் இரவு தலைகீழாக வடிய விடுங்கள். காய்ந்து தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். கிராங்க் அச்சுக்குக் கீழே ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதைக் கிரீஸ் போட்டு அடைக்க வேண்டாம், தண்ணீர் வெளியே போக இருக்கும் ஒரே வழி அது. ஐப்பசியில் மாரி தொடங்க முதல் சீட் தண்டை எடுத்துக் கிரீஸ் பூசுங்கள். பாதையால் வந்தால் கிணற்றுத் தண்ணீரில் ஒரு வாளி. வாவித் தண்ணீரில் கழுவுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், என்ன சொல்ல.

---

மருதமுனைக் காக்கா

ஓட்டையை நாங்கள் கிரீஸால் அடைத்துத்தான் வைத்திருந்தோம். தண்ணீர் உள்ளே போகாமல் இருக்கவாம்! இப்பதான் விளங்குது.

---

துறையடி வாத்தி

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை போய் வந்தேன்.

சீட் தண்டு முதலில் வரவில்லை. நான் எழும்ப, அவர் மண்ணெண்ணெய் கொஞ்சம் விட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள் என்றார். குடித்து முடிய வந்தது. உள்ளே கறுப்பு, பொருக்கு இல்லை. நூல் கட்டும்போது அவருடைய சின்ன மகள், பட்டம் ஏற்றவா என்று கேட்டாள். இடப்பக்கம் 31, வலப்பக்கம் 32. பின் அகலம் 130. கரியர் ஓட்டை இரண்டு பக்கமும் இருக்கிறது, ஒன்றுக்குள் பெயின்ற் அடைத்திருந்தது. சுண்டினேன், 'டிங்' வந்தது. பக்கத்தில் நின்ற அவருடைய பழைய கட்டைச் சைக்கிளையும் சுண்டினேன், 'டொக்'. இனிக் காண்கிற சைக்கிளையெல்லாம் சுண்டுவேன் போலிருக்கிறது.

39,000க்கு முடிந்தது. பாரம் கடைத் தராசில் பன்னிரண்டரைக் கிலோ. காலை விரித்து நிற்க மேல் பைப்புக்கும் எனக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி. ஹான்டில் கொஞ்சம் தாழ்வு, முதுகு பிடிக்கிறது.

ஒரு பிரச்சினை. பிறேக் பழைய கன்டிலீவர் வகை, இறக்கத்தில் பிடிக்கக் காணாது. கடையில் வி பிறேக் போடலாம் என்கிறார்கள். அப்படியே மாற்றலாமா?

---

செங்கலடி சில்லுக்காரன்

நல்ல விலை. வி பிறேக் அதே கட்டையில் ஏறும். ஆனால் கைப்பிடி லீவரையும் சேர்த்து மாற்ற வேண்டும், பழைய லீவர் வி பிறேக்குக்குப் போதிய அளவு கேபிளை இழுக்காது, லீவர் ஹான்டில் வரைக்கும் வந்து முட்டும், பிறேக் சரியாகப் பிடிக்காது. இரண்டு லீவர், இரண்டு சோடி பிறேக், கேபிள், அவ்வளவுதான். ஹான்டில் தண்டின் மேல் ஆணியை நான்கு சுற்று இளக்கி, மரக்கட்டை வைத்து ஒரு தட்டு தட்டினால் உள்ளே இருக்கும் ஆப்பு விடும். உயர்த்துங்கள், தண்டில் வெட்டிய கோடு வெளியே தெரியக் கூடாது.

கழற்றுகிற பழைய லீவரை எறிய வேண்டாம். ஜப்பான் சாமான் என்றால் எனக்குத் தாருங்கள், இங்கே ஒரு சைக்கிள் அதற்காகவே நிற்கிறது.