கேரள முன்னாள் முதலமைச்சர் வி.எஸ். அச்சுதானந்தனை நேரில் பார்த்தவர்கள் இங்கே எழுதுங்கள்

மலைக்காட்டுப் பெண்:
2015இல் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள், போனஸைக் குறைத்ததை எதிர்த்து நடத்திய போராட்டம் பலருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். கொச்சி–தனுஷ்கோடி ரோட்டை மறித்து உட்கார்ந்திருந்த கொழுந்து கிள்ளும் பெண்களில் என் அம்மாவும் ஒருத்தி. சம்பளத்தில் சந்தா பிடித்த எந்தச் சங்கத்தின் தலைவரையும் கிட்டே விடவில்லை. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பார்க்காமல் விரட்டினார்கள். செப்டம்பர் 13 அன்று வி.எஸ். வந்தார். அப்போது எதிர்க்கட்சித் தலைவர், வயது 91. விரட்டப்பட்ட சங்கங்களில் ஒன்று அவருடைய மார்க்சிஸ்ட் கட்சியுடையது! ஆனால் கூட்டம் தானாக வழிவிட்டது. முடிவு தெரியும்வரை போகமாட்டேன் என்று அவர்கள் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டார். அதுவரை தொண்டை கிழியக் கத்திய அம்மா, "குடையைப் பிடிடி, பெரியவருக்கு வெயிலடிக்குது" என்று பக்கத்தில் இருந்தவளை அதட்டினார். அன்று ராத்திரி கம்பெனிக்காரர்கள் 20 சதவீதத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். அவரை மட்டும் ஏன் விட்டீங்க என்று இன்றைக்குக் கேட்டாலும் "அவரு கூலிக்காரருடி" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை.

குட்டநாட்டு மருமகன்:
உங்கள் அம்மா சொன்னது உண்மை, வி.எஸ். கூலிக்காரர்தான். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்று, அண்ணன் தையல் கடை, அப்புறம் ஆலப்புழை கயிறு ஆலை. அங்கிருந்துதான் கம்யூனிஸ்ட் தலைவர் கிருஷ்ண பிள்ளை அவரைக் குட்டநாட்டு வயல் கூலிகளைத் திரட்ட அனுப்பினார். 1946இல் புன்னப்புரா–வயலார் தொழிலாளர் எழுச்சி சமயம் பூஞ்ஞாறு போலீஸ் லாக்கப்பில் அவர் காலில் துப்பாக்கிக் கத்தியை இறக்கினார்கள். அந்த எழுச்சியில் இறந்தவர்களுக்கான ஒரு தியாகிகள் தினத்தில், அவர்கள் நினைவிடமான ஆலப்புழை வலிய சுடுகாட்டில் அவரைப் பார்த்தேன். முதலமைச்சர் என்பதெல்லாம் மறந்துபோய் என் கண் அவர் காலுக்கே போனது.

தேவிகுளத்தான்:
முதல் பதிவோடு எனக்குச் சண்டை. அவர் வந்தது ஒன்பதாம் நாள். அதற்குள் அந்தப் பெண்கள் பாதி ஜெயித்துவிட்டார்கள், பெருமையைத் தூக்கி ஏன் அவருக்குக் கொடுக்கிறீர்கள்? அந்த 20 சதவீதத்திலும் போனஸ் 8.33தான், மிச்சம் கருணைத்தொகை. 232 ரூபாய் தினக்கூலியை 500 ஆக்கச் சொன்னோம், கிடைத்தது 301. நான் அவரைப் பார்த்தது 2007இல். முதலமைச்சராக, மூணாறில் ஆக்கிரமித்துக் கட்டிய ரிசார்ட்டுகளை இடிக்கச் சொன்ன காலம். ரோட்டோரம் நின்றேன், கார் போனது, அவ்வளவுதான். இடிப்பும் சில வாரத்தில் நின்றுபோனது, அவர் கூட்டணிக்குள்ளேயே எதிர்ப்பு.

உங்கள் அம்மா இன்னும் தோட்ட வேலையில் இருந்தால் ஒன்று சொல்கிறேன். ஓய்வுக்கு முன்னாலேயே பி.எஃப். கணக்கில் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். எழுத்து ஒன்று மாறினாலும் மாதக்கணக்கில் அலைய வேண்டும். நாமினி யார் என்று உறுதி செய்யுங்கள். கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடைக்கு) எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். ஓய்வு பெற்றால் லயத்தை (தோட்டக் குடியிருப்பை) காலி செய்யச் சொல்வார்கள், அதனால் கீழே தேனி, போடிப் பக்கம் சின்ன இடமாவது இப்போதே பாருங்கள். நகையை அடகு வைத்து வாங்காதீர்கள்.

மலைக்காட்டுப் பெண்:
அண்ணே, பி.எஃப். விஷயத்தைப் பார்க்கிறேன். போராட்டம் பெண்களுடையதுதான், அதில் எனக்கு மறுப்பே இல்லை. அந்த நவம்பரிலேயே அவர்களில் சிலர் உள்ளாட்சித் தேர்தலில் வி.எஸ். கட்சியையும் எதிர்த்து நின்று ஜெயித்தார்கள். அம்மா ஓட்டுப் போட்டதும் அவர்களுக்குத்தான்.