பெரிய கிட் களஞ்சியத்திலிருந்து மூன்று அடைவுகளை மட்டும் முனையம் வழியாகப் பெறுவது எப்படி?

கேள்வி

கிட்ஹப்பிலுள்ள கூகுள் ஃபாண்ட்ஸ் களஞ்சியத்தின் 'ஓஎஃப்எல்' அடைவிலிருந்து நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, கேட்டமரான் ஆகிய மூன்று எழுத்துருக்கள் மட்டுமே எனக்குத் தேவை. முழுவதையும் குளோன் செய்தால் (என் கணினிக்கு நகலெடுத்தால்) ஒரு ஜிகாபைட்டுக்கு மேல் இறங்குகிறது. முன்பு, கிட் போன்ற இன்னொரு பதிப்பு மேலாண்மை மென்பொருளான சப்வெர்ஷனின் 'எக்ஸ்போர்ட்' கட்டளையால் ஓர் அடைவை மட்டும் எடுக்க முடிந்தது. இப்போது பிழைச்செய்தியே வருகிறது. பின்னர் வரும் திருத்தங்களையும் பெறக்கூடிய வழி உண்டா?

பதில் 1

கிட்ஹப் சப்வெர்ஷன் ஆதரவை 2024 ஜனவரியில் நிறுத்திவிட்டது. அதற்கு மாற்றாக, 2020இல் வந்த கிட் 2.25 முதல், தேவையான அடைவுகளை மட்டும் வட்டில் விரிக்கும் 'ஸ்பார்ஸ்-செக்கவுட்' கட்டளை இருக்கிறது. முதலில் 'குளோன்' கட்டளையுடன் 'ஸ்பார்ஸ்' விருப்பத்தையும், 'ஃபில்டர்' விருப்பத்துக்கு 'ப்ளாப்:நன்' என்ற மதிப்பையும், 'டெப்த்' விருப்பத்துக்கு 1 என்பதையும் (பழைய வரலாறு இன்றி அண்மைப் பதிப்பு மட்டும்) கொடுங்கள். பிறகு களஞ்சியத்துக்குள் சென்று, 'ஸ்பார்ஸ்-செக்கவுட் செட்' கட்டளையுடன் மூன்று அடைவுகளின் பாதைகளையும் எழுதுங்கள்.

பல வழிகாட்டிகள் 'ஸ்பார்ஸ்' விருப்பத்தை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகின்றன. அது உங்கள் வட்டில் எந்தக் கோப்புகள் விரிக்கப்பட வேண்டும் என்பதை மட்டுமே கட்டுப்படுத்தும். இணையத்தில் இறங்கும் அளவைக் குறைப்பது 'ஃபில்டர்' விருப்பம்தான். அது இல்லையெனில், வட்டில் விரிக்கப்படாத எழுத்துருக்களும், கிட் தன் தரவைச் சேமிக்கும் 'டாட் கிட்' அடைவுக்குள் வந்து சேர்ந்துவிடும். மேலடைவுகளில் நேரடியாக உள்ள சில கோப்புகளும் கூடவே வரும், அதனால் தீங்கில்லை. திருத்தங்களுக்கு வழக்கமான 'கிட் புல்' போதும்.

பதில் 2

ஒரே ஒரு கோப்புதான் வேண்டுமென்றால் இத்தனை ஏற்பாடு மிகை, முகவரி கொடுத்தால் கோப்பை இறக்கித் தரும் 'கர்ல்' கட்டளை போதும். உலாவியில் தெரியும் பக்க முகவரியைக் கொடுக்காமல், கோப்பை நேரடியாகத் தரும் 'ரா' முகவரியைக் கொடுங்கள், இல்லாவிட்டால் எழுத்துருவின் பெயரில் ஒரு எச்டிஎம்எல் பக்கம்தான் சேமிக்கப்படும். நோட்டோ சான்ஸ் தமிழின் கோப்புப் பெயரில் சதுர அடைப்புக்குறிகள் இருப்பதையும் கவனியுங்கள்: கர்ல் அவற்றை வரம்புக் குறியாக எடுத்துக்கொண்டு பிழை காட்டும். முகவரியை மேற்கோள்குறிக்குள் இட்டு, 'குளோப்-ஆஃப்' விருப்பத்தையும் சேருங்கள்.

கேட்டவர்

நன்றி, முதல் வழியில் மூன்றும் இறங்கிவிட்டன. நான்காவதாக ஓர் அடைவு தேவைப்பட்டால் மீண்டும் குளோன் செய்ய வேண்டுமா?

பதில் 1

வேண்டாம். 'ஸ்பார்ஸ்-செக்கவுட் ஆட்' கட்டளையுடன் புதிய பாதையைக் கொடுத்தால், விடுபட்ட கோப்புகளை கிட் அப்போது வழங்கியிலிருந்து பெற்றுக்கொள்ளும். ஆகவே அந்நேரத்தில் இணைய இணைப்பு இருக்க வேண்டும். 'ஆட்' என்பதற்குப் பதிலாக 'செட்' என்று புதிய பாதையை மட்டும் கொடுத்தால், முன்னர் குறிப்பிட்ட மூன்று அடைவுகளும் வட்டிலிருந்து நீங்கிவிடும்.