வீட்டுக்குள் எடுத்தால் மட்டும் பிள்ளைகள் பிளர் ஆகிறார்கள்: போன் கேமரா பழுதா?

மழைத்துளி:
வணக்கம். மாலையில் விளக்கு போட்ட பிறகு வீட்டுக்குள் பிள்ளைகளைப் படம் எடுத்தால் ஒன்றுகூடச் சரியாக வருவதில்லை. பின்னால் இருக்கும் அலமாரி, சுவர்க் கடிகாரம் எல்லாம் ஓரளவு தெளிவாக இருக்கின்றன. பிள்ளைகளின் முகமும் கையும் மட்டும் இழுபட்டுக் கலங்கித் தெரிகின்றன. அதிசயமாக அவர்கள் அசையாமல் நின்றாலும் கன்னம், தலைமுடி எல்லாம் வழவழவென்று, நுணுக்கமே இல்லாமல் வருகிறது.

இதே போனில் பகலில் வெளியே எடுத்தால் குறையே சொல்ல முடியாது. லென்ஸை நன்றாகத் துடைத்துவிட்டேன். கேமரா செட்டிங்ஸை ரீசெட் செய்தேன். உறையைக் கழற்றியும் பார்த்தேன். ஆண்ட்ராய்டு போன், மூன்று வருடம் பழையது, பின்பக்கம் மூன்று லென்ஸ், முக்கியமானது 50 மெகாபிக்சல். பழுது பார்க்கும் இடத்தில் கேட்டால் கேமராவையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றலாமா, இல்லை புதுப் போனே வாங்கிவிடலாமா? சின்னவள் இப்போதுதான் நடக்கப் பழகுகிறாள். இந்த நாட்களைத் தவறவிட மனமில்லை, அதனால்தான் அவசரமாகக் கேட்கிறேன்.

பழைய லென்ஸ்:
பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒன்று, பகல் வெளிச்சத்தில் போனை மேசைமேல் எதிலாவது சாய்த்து நிறுத்தி, அச்சடித்த பக்கம் ஒன்றை அரை மீட்டர் தள்ளி வைத்து, டைமர் போட்டுப் படம் எடுங்கள். எழுத்து நான்கு மூலையிலும் நடுவிலும் கூர்மையாக இருந்தால் லென்ஸ், ஃபோகஸ் மோட்டார் எதிலும் கோளாறு இல்லை. 

இரண்டு, கலங்கி வந்த படங்களில் சிலவற்றை கேலரியில் திறந்து மேல்நோக்கித் தள்ளுங்கள், அல்லது 'விவரங்கள்' என்று இருப்பதைத் தொடுங்கள். 1/20, 1/100 என்று ஷட்டர் நேரம் இருக்கும். அதோடு ஐஎஸ்ஓ எண் (கிடைத்த வெளிச்சத்தைப் போன் எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்பது), எஃப் எண் (லென்ஸ் துவாரத்தின் அளவு, எண் கூடினால் துவாரம் சின்னது) இருக்கும். மூன்றையும் இங்கே எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியில் பார்க்காதீர்கள், அதில் இந்த விவரங்கள் நீங்கிவிடும். போனில் இருக்கும் மூலப் படத்தில் பாருங்கள்.

மழைத்துளி:
பார்த்தேன். அச்சுப் பக்கம் பளிச்சென்று வருகிறது, மூலையில்கூட எழுத்து படிக்க முடிகிறது.

கலங்கிய படங்களில் பெரும்பாலும் 1/20, ஐஎஸ்ஓ 1250, எஃப் 1.8. மிக மோசமாக வந்த ஒன்றில் 1/10, ஐஎஸ்ஓ 2000, எஃப் 2.2 என்று இருக்கிறது. வெளியே எடுத்த நல்ல படத்தில் 1/900, ஐஎஸ்ஓ 50. இதில் எது தப்பு?

பழைய லென்ஸ்:
உங்கள் கேமரா நன்றாகவே இருக்கிறது. மாற்ற வேண்டாம். இந்த எண்களே முழு விளக்கத்தையும் தருகின்றன.

1/20 என்றால் நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் கேமரா திறந்திருந்தது. குழந்தை கையை வீசும் வேகம் நொடிக்கு ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்துக்குள் கை 5 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அந்த 5 சென்டிமீட்டரும் படத்தில் இழுபட்டுப் பதியும். அதே கையை 1/250-இல் எடுத்தால் 4 மில்லிமீட்டர்தான் நகரும், கண்ணுக்கு உறுத்தாது. அலமாரி நகரவில்லை, அதனால் அது தெளிவு. உங்கள் கை நடுங்கியிருந்தாலும் போனுக்குள் இருக்கும் ஸ்டெபிலைசர் அதை ஈடுகட்டிவிட்டது. ஆனால் அது உங்கள் கையின் அசைவை மட்டுமே ஈடுகட்டும். பிள்ளை ஓடுவதை அதனால் நிறுத்த முடியாது.

எந்தப் படத்தையும் இப்படிப் பார்த்துப் பழகுங்கள். பின்னணி தெளிவு, ஆள் மட்டும் இழுபட்டால் ஆள் அசைந்திருக்கிறார். படம் முழுக்க ஒரே திசையில் இழுபட்டால் கை ஆடியிருக்கிறது. முகம் மங்கி, முன்னாலோ பின்னாலோ வேறு ஒரு பொருள் கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

போன் ஏன் 1/20-ஐத் தேர்ந்தெடுத்தது? வெளிச்சம் போதவில்லை. உச்சி வெயிலில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம். விளக்கு போட்ட அறையில் இரவில் நூறை ஒட்டித்தான் இருக்கும். நம் கண் தானாகப் பழகிக்கொள்வதால் அறை நன்றாக வெளிச்சமாகத்தான் தெரியும், ஆனால் கேமராவுக்குக் கிடைப்பது ஆயிரத்தில் ஒரு பங்கு. பெரும்பாலான போன்களில் லென்ஸ் துவாரத்தின் அளவை மாற்ற முடியாது. அதனால் அதனிடம் இருப்பது இரண்டே வழி: அதிக நேரம் திறந்திருப்பது, அல்லது ஐஎஸ்ஓவை ஏற்றுவது. ஐஎஸ்ஓ ஏறினால் படத்தில் புள்ளிகள் பெருகும். அந்தப் புள்ளிகளை மென்பொருள் தேய்த்து எடுக்கும்போது கன்னத்தின், தலைமுடியின் நுணுக்கமும் சேர்ந்து போய்விடுகிறது. நீங்கள் சொன்ன வழவழப்பு அதுதான்.

ஆகவே முதலில் வெளிச்சத்தைக் கூட்டுங்கள், செட்டிங்ஸ் அப்புறம். பகலில் ஜன்னல் ஓரத்துக்குப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களை நகர்த்திவிடுங்கள், அவர்களும் அங்கே வந்துவிடுவார்கள். வெளிச்சம் முகத்தின் பக்கவாட்டில் விழட்டும். ஜன்னல் அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கருத்துவிடும். இரவில் ஒரு மேசை விளக்கு இருந்தால் போதும், அதைப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். விளக்குக்கும் முகத்துக்கும் உள்ள தூரம் பாதியானால் அதிலிருந்து விழும் வெளிச்சம் நான்கு மடங்கு ஆகும். கண்ணில் நேராக அடிக்காமல் வெள்ளைச் சுவரிலோ கூரையிலோ பட்டுத் திரும்பும்படி வைத்தால் வெளிச்சம் கொஞ்சம் குறையும், ஆனால் முகம் மிக அழகாக வரும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

சதுரக்கட்டம்:
50 மெகாபிக்சல் மோடை ஆன் செய்து எடுங்கள், நுணுக்கம் கூடும். கூடவே நைட் மோட் போடுங்கள். நான் இரவில் கட்டடங்கள், தெருக்கள் எல்லாம் அப்படித்தான் எடுக்கிறேன், அருமையாக வருகிறது.

இரவுப்பணி:
கட்டடத்துக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. நடக்கப் பழகும் குழந்தைக்கு இரண்டுமே உதவாது என்பதால் விளக்கமாகச் சொல்கிறேன்.

50 மெகாபிக்சல் போன்கள் சாதாரணமாக நான்கு பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படம் தருகின்றன. அப்படிச் சேர்ப்பதால்தான் மங்கிய வெளிச்சத்தில் சமாளிக்க முடிகிறது. முழு 50-ஐப் போட்டால் அந்த உதவி போய்விடும். அது வெயிலில் நிலக்காட்சி எடுக்க நல்லது.

நைட் மோட் ஒரு நொடியோ பல நொடிகளோ தொடர்ந்து படங்களை எடுத்து ஒன்றாக அடுக்குகிறது. 2018-இல் கூகுள் பிக்சலில் நைட் சைட் வந்தபோதும், அடுத்த வருடம் ஐபோன் 11-இல் வந்தபோதும் அடிப்படை இதுதான். நகராத பொருளுக்கு இதைவிட நல்ல வழி போனில் இல்லை. ஆனால் பிள்ளை அதற்குள் நான்கு அடி வைத்துவிடும். மழைத்துளி, நீங்கள் அதை அணைத்தே வையுங்கள். தானாக வந்தாலும் எடுப்பதற்கு முன் அணைத்துவிடுங்கள்.

எஃப் 2.2 என்று வந்த அந்த மிக மோசமான படம் அனேகமாக, அகலமான காட்சியைப் பிடிக்கும் அல்ட்ரா வைடு லென்ஸில் எடுத்தது. அதன் சென்சார் சின்னது, வெளிச்சமும் குறைவாகவே போகும். வீட்டுக்குள் 1x-ஐ, அதாவது முக்கிய லென்ஸை, விட்டு நகராதீர்கள். 3x பக்கமும் போக வேண்டாம். வெளிச்சம் குறைந்தால் பல போன்கள் தொலைவில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் டெலி லென்ஸை விட்டுவிட்டு முக்கிய கேமராவின் படத்தையே வெட்டிப் பெரிதாக்கித் தருகின்றன. நீங்களே இரண்டு அடி முன்னால் போங்கள், தரையில் உட்காருங்கள், பிள்ளையின் கண் மட்டத்துக்கு வாருங்கள். 

வெளிச்சத்தைச் சரிசெய்த பிறகு, இந்த எண்களை நாமே வைக்க விடும் ப்ரோ மோடுக்குப் போங்கள். ஷட்டரை 1/100 அல்லது 1/125 என்று வைத்து, ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுங்கள். சில போன்களில் ஷட்டரைக் கையில் எடுத்தால் ஐஎஸ்ஓவையும் நாமே வைக்க வேண்டியிருக்கும், 1600-இல் தொடங்குங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: விளக்கை மாற்றாமல் 1/20-இலிருந்து 1/125-க்குத் தாவினால் வெளிச்சம் ஆறில் ஒரு பங்காகிவிடும். ஐஎஸ்ஓ 1250 இருந்த இடத்தில் 7500-க்கு மேல் கேட்கும். படம் பாழாகிவிடும். பழைய லென்ஸ் விளக்கை முதலில் சொன்னது அதனால்தான்.

கொஞ்சம் புள்ளிகள் இருந்தால் கவலை வேண்டாம். புள்ளிகளைப் பிறகு குறைக்கலாம், இழுபட்ட கண்ணைத் திரும்பக் கொண்டுவர முடியாது. 

எந்த நொடியில் அழுத்துகிறோம் என்பதும் பெரிய விஷயம். ஊஞ்சல் மேலே போய்த் திரும்பும் இடத்தில், குதிப்பவர் உச்சியில் நிற்கும் இடத்தில், ஒரு கணம் வேகம் கிட்டத்தட்ட இல்லாமல் போகும். குழந்தை அடியெடுத்து வைத்துவிட்டு நிலைகொள்ளப் பார்க்கும் நேரமும் அப்படித்தான். குறுக்கே ஓடுவதைவிட உங்களை நோக்கி வரும்போது எடுத்தால் இழுபடுவது மிகக் குறையும். உங்களை நோக்கி நடந்து வரும் குழந்தைதானே எல்லோருக்கும் வேண்டிய படம்.

நீலவானம்:
இதே சிக்கல் எனக்கும். ஆனால் ஐபோன், அதன் கேமரா ஆப்பில் ஷட்டர் செட்டிங்கே இல்லையே? இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன்: சின்னப் பொம்மைகளைக் கிட்டத்தில் வைத்து எடுத்தால் ஃபோகஸ் ஆவதே இல்லை.

இரவுப்பணி:
ஆமாம், அதில் கொடுக்கவில்லை. ஷட்டரைக் கையாள வேறு கேமரா ஆப் போட வேண்டும். ஆப் ஸ்டோரில் பல இருக்கின்றன. ஆப் இல்லாமலே செய்யக்கூடியது, மேலே மஞ்சளாக வரும் நிலா அடையாளத்தைத் தொட்டு நைட் மோடை அணைப்பது. செட்டிங்ஸில் கேமராவுக்குள் அமைப்புகளைத் தக்கவைக்கும் பகுதியில் நைட் மோடைச் சேர்த்துவிட்டால் அடுத்த முறையும் அணைந்தே இருக்கும். ஷட்டர் பொத்தானை இடது பக்கம் இழுத்துப் பிடித்தால் பர்ஸ்ட் ஆகத் தொடர்ந்து எடுக்கும், அதில் நல்லதை எடுத்துக்கொள்ளலாம். 

கிட்டத்துப் படம்: பெரிய சென்சார் வைத்த போன்களில் முக்கிய லென்ஸ் மிக அருகில் ஃபோகஸ் ஆகாது. ஐபோன் 14 ப்ரோவில் 20 சென்டிமீட்டர், 15 ப்ரோவில் 24 சென்டிமீட்டர் தள்ளியிருக்க வேண்டும். அதைவிடக் கிட்டே போனால் ப்ரோ போன்கள் தானாக அல்ட்ரா வைடு லென்ஸுக்கு மாறும், மங்கிய அறையில் அது சரிவராது. ஒரு முழம் பின்னால் வந்து 2x வைத்து எடுங்கள்.

பழைய லென்ஸ்:
முதலில் சொன்ன அச்சுப் பக்கச் சோதனையில் தோற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பகலிலும் படம் அதிர்ந்து வந்தால், லென்ஸுக்குமேல் ஒட்டிய கண்ணாடி இருந்தால் அதை எடுத்துப் பாருங்கள். காந்தம் வைத்த உறையையும் கழற்றிப் பாருங்கள். போனை மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் நேரடியாகப் பொருத்தி ஓட்டும் பழக்கம் இருந்தாலும் சொல்லுங்கள். அந்த அதிர்வு ஸ்டெபிலைசரைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே எச்சரித்திருக்கிறது. அப்படிக் கெட்டிருந்தால்தான் கேமராவை மாற்றும் பேச்சு.

மழைத்துளி:
மிக்க நன்றி, நம்பவே முடியவில்லை! காலையில் ஜன்னல் ஓரம் எடுத்தவை 1/250, ஐஎஸ்ஓ 320. கண் இமைகூடத் தெரிகிறது. மாலையில் மேசை விளக்கைப் பக்கத்தில் வைத்து, ப்ரோ மோடில் 1/100, ஐஎஸ்ஓ 1600. லேசாகப் புள்ளி இருக்கிறது, ஆனால் முகம் முகமாக இருக்கிறது. பழுது பார்ப்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு புதுச் சந்தேகம். ஆசையில் 1/500 வைத்துப் பார்த்தேன். படத்தின் குறுக்கே கறுப்புக் கறுப்பாகப் பட்டைகள் விழுகின்றன. கூடத்து விளக்கில் மட்டும்தான், மேசை விளக்கில் இல்லை.

பழைய லென்ஸ்:
அது விளக்கின் துடிப்பு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சில எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன, கண்ணுக்குத் தெரியாது. போன் சென்சார் படத்தை வரிவரியாகப் படிப்பதால், சில வரிகள் விளக்கு கூடிய நேரத்திலும் சில வரிகள் குறைந்த நேரத்திலும் பதிந்து பட்டைகளாகின்றன. ஷட்டரை 1/100 அல்லது 1/50 வைத்தால் ஒவ்வொரு வரிக்கும் முழுத் துடிப்பு கிடைத்துவிடும், பட்டை மறையும். 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 1/120 அல்லது 1/60. கூடத்தில் 1/100-இலேயே இருங்கள். அதைவிட வேகம் வேண்டுமென்றால் மேசை விளக்கு, இல்லையென்றால் ஜன்னல்.

பிளாஷ் பற்றி யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். போனில் இருப்பது சின்ன எல்இடி. பெரிய கேமராவின் பிளாஷ் மாதிரி கண நேரத்தில் பளிச்சிட்டு அசைவை உறையவைக்கும் சக்தி அதற்கு இல்லை. குழந்தையின் கண்ணும் கூசும். விட்டுவிடுங்கள்.

மழைத்துளி:
சரி, 1/100. கடைசியாக ஒன்று: இவற்றை அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அங்கே மறுபடி மங்கலாகத் தெரிகிறதாம்.

சதுரக்கட்டம்:
அது அனுப்பும்போது சுருக்கிவிடுவதால். அனுப்பும் திரையில் மேலே எச்டி என்று இருக்கும், 2023-இல் வந்த வசதி, அதைத் தொட்டு அனுப்புங்கள். அச்சடித்துச் சட்டம் போடப் போகிறார்கள் என்றால் படமாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், மூலக் கோப்பு அப்படியே போய்ச் சேரும்.