ஜீப்பின் பின் ஆக்சில் ரேஷியோவை 5.38-லிருந்து 4.27-க்கு மாற்றினால் ஓட்டம் கூடுமா?

மலைரோடு

வணக்கம். வண்டி பழைய மஹிந்திரா ஜீப், ஃபோர்வீல். பியூஜோ எக்ஸ்டிபி டீசல் இன்ஜின், நாலு கியர் பெட்டி, டயர் 6.00-16. பின் ஹவுசிங்கைத் திறந்து எண்ணியதில் கிரவுனில் (ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம்) 43 பல், பினியனில் (அதை ஓட்டும் சின்னது) 8. அப்படியானால் ரேஷியோ 43/8, அதாவது 5.38. கோத்தகிரி–கோவை ஓட்டம், பாதி மலை, பாதி சமவெளி. மேட்டுப்பாளையம் தாண்டி 70-ஐத் தொட்டாலே இன்ஜின் அலறுகிறது. 4.27 செட் போட்டால் ஸ்பீடும் மைலேஜும் சேர்ந்தே ஏறும் என்கிறார்கள். ஏற்றத்தில் இழுவை குறையுமா? பின்னால் மட்டும் மாற்றினால் போதுமா?

பல்சக்கரம்

ரேஷியோ மாற்றுவதால் இன்ஜினுக்கு அரை குதிரைசக்தி கூட ஏறாதுங்க. இருக்கிற சக்தியை எந்த வேகத்துக்கு ஒதுக்குவது என்பதுதான் மாறும்.

உங்கள் டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.22 மீட்டர் உருளும். டாப் கியர் நேரடி, 1.00. அப்படி வைத்துக் கணக்குப் போட்டால்:

70 கி.மீ. வேகத்தில்: 5.38-க்கு 2,830 ஆர்பிஎம், 4.88-க்கு 2,560, 4.27-க்கு 2,240.
80-ல்: 3,230; 2,930; 2,565.

4.27-ல் இன்ஜின் அமைதியாகிவிடும், சந்தேகமே இல்லை. ஆனால் ஒவ்வொரு கியரிலும் சக்கரத்துக்குப் போகும் திருகுவிசை 20 சதவீதத்துக்கு மேல் குறையும். 4.88 என்றால் குறைவது 9 சதவீதம்தான். எக்ஸ்டிபி 2112 சிசி, சுமார் 60 குதிரைசக்தி, அதுவும் 4,500 ஆர்பிஎம்மை ஒட்டித்தான் கிடைக்கும். டர்போவும் கிடையாது. ஆள் ஏற்றிக்கொண்டு கோத்தகிரி ஏற்றத்தில் இப்போது செகண்டில் வளைகிற கொண்டை ஊசியில், 4.27 போட்ட பிறகு ஃபர்ஸ்ட் தேட வேண்டிவரும். கிளட்சைப் பாதி மிதித்தபடி நகர்த்தும் பழக்கம் வந்துவிட்டால் பிளேட் சீக்கிரம் தேயும்.

சமவெளியிலும் ஒரு சிக்கல் உண்டு. ஜீப்பின் முகம் சுவர் மாதிரி. 70-க்கு மேல் காற்றைத் தள்ளவே பெரும்பங்கு சக்தி போய்விடும். 4.27-ல் எதிர்க்காற்றோ லேசான மேடோ வந்தால் டாப் கியர் தாங்காது, தேர்டுக்கு இறங்கும். அப்போது மிச்சம் பிடித்த ஆர்பிஎம் எல்லாம் திரும்பி வந்துவிடும். பாதி மலை என்று சொல்கிற உங்களுக்கு என் வோட்டு 4.88. முழுக்கச் சமவெளி ஓட்டம், அதுவும் குறைந்த சுற்றிலேயே இழுக்கும் டிஐ (டீசலை நேரடியாகப் பீய்ச்சும் வகை) இன்ஜின் என்றால் 4.27 பற்றிப் பேசலாம்.

நாலுசக்கரம்

பின்னால் மட்டும் மாற்றுவது பற்றி: கூடவே கூடாது. முன்னால் 5.38, பின்னால் 4.27 என்றால் இரண்டு ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டும் (ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டு) ஒரே வேகத்தில் சுற்றும்போது பின் சக்கரம் முன் சக்கரத்தைவிட 26 சதவீதம் அதிகம் சுற்றும். தார் ரோட்டில் ஃபோர்வீலைப் போட்ட சில அடியிலேயே வண்டி முறுக்கிக்கொண்டு நிற்கும். லீவரை வெளியே இழுக்கவும் முடியாது. மீறி ஓட்டினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) பல்லோ யூனிவர்சல் ஜாயிண்டோ போய்விடும். முன் கிரவுன் அளவு வேறு என்பதால் அதற்குத் தனி செட் வாங்க வேண்டும். பட்ஜெட்டை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். முன்பக்க வேலை முடியும்வரை முன் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றி வைத்து ஓட்டலாம், ஆனால் லோ ரேஞ்சை (வேகம் குறைத்து இழுவை கூட்டும் கியர்) தொடாதீர்கள். மொத்தச் சுமையும் பின் ஆக்சிலில் விழும்.

முன்பக்க ரேஷியோவைத் தெரிந்துகொள்ள ஹவுசிங்கைத் திறக்கத் தேவையில்லை. பின் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கல் வைத்துவிட்டு, முன் சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஹப் லாக் (முன் சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்கும் பூட்டு) இருந்தால் பூட்டுங்கள். லீவர் டூவீலில் இருக்கட்டும். ஷாஃப்ட்டில் ஒரு சாக்பீஸ் கோடு, டயரில் ஒரு கோடு. ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் ஐந்தேகால் தாண்டிச் சுற்றினால் 5.38, ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றால் 4.88, நாலேகால் என்றால் 4.27. இதையே பின்னால் செய்வதானால் ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிட வேண்டும். பழைய ஜீப் பலவற்றில் அது ஷாஃப்ட்டையே பிடிக்கிற வகை.

இன்னொன்று, மைலேஜ். இந்த வண்டியில் ஸ்பீடோமீட்டர் கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வருகிறது. ஆக்சிலில் நடந்த மாற்றம் அதற்குத் தெரியாது. 5.38-லிருந்து 4.27-க்குப் போனால் நிஜமாக 80-ல் போகும்போது முள் 63-ஐக் காட்டும். 100 கி.மீ. ஓடினால் மீட்டரில் 79 தான் ஏறும். அதை வைத்து டீசல் கணக்குப் போட்டு, "காசு செலவழித்து மைலேஜ் குறைந்ததுதான் மிச்சம்" என்று புலம்புகிறவர்கள் உண்டு. ஸ்பீடோ பினியனை மாற்றுங்கள், அல்லது ஜிபிஎஸ்ஸில் தூரம் பாருங்கள்.

மலைரோடு

விளக்கத்துக்கு நன்றி அண்ணே. 4.88 என்றால் கோவை உக்கடத்தில் ஓட்டின செட் வாங்கலாமா? மாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்? ரேஷியோவைத் தொடாமல் டயரை மட்டும் பெரிதாக்கினால் ஆகாதா?

டயல்கேஜ்

ஓட்டின செட் வாங்கலாம், ஜோடி எண் ஒத்துப்போனால். கிரவுனும் பினியனும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று தேய்த்துப் பழக்கிய ஜோடி; இரண்டிலும் ஒரே எண் குத்தியிருக்கும். எண் வேறானால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம், ஊளைச் சத்தம் ஒருநாளும் போகாது. பல் நுனியில் குழியோ நீலம் பாரித்த நிறமோ தெரிந்தால் அது எண்ணெய் இல்லாமல் ஓடின செட்.

பின் ஆக்சில் டானா 44 மாடல் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். 5.38, 4.88, 4.27 மூன்றும் ஒரே கேரியரில் (கிரவுனைத் தாங்கும் கூடு) உட்காரும். 3.73-க்குப் போனால்தான் கேரியரும் மாறும்.

பேரிங் நாலையும் புதிதாகப் போடுங்கள். பினியன் தலையில் +2, −3 என்று ஓர் எண் இருக்கும், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு (தவ்) கணக்கு. பழைய பினியனில் 0, புதியதில் +2 என்றால் உள் பேரிங் கப்புக்குப் பின்னால் உள்ள ஷிம்மில் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) 2 தவ் குறைக்க வேண்டும். பழைய ஷிம்மை அப்படியே திருப்பிப் போடும் பட்டறைகள்தான் அதிகம், சத்தம் அங்கேதான் தொடங்குகிறது.

பினியன் நட் 200–220 பவுண்டு-அடி முறுக்கு. அதன் பிறகு, ஆயில் சீல் மாட்டுவதற்கு முன், பிரீலோட் (பேரிங்கில் முன்கூட்டியே வைக்கும் இறுக்கம்) பாருங்கள்: புது பேரிங்குக்கு 20–40 பவுண்டு-அங்குலம். அதற்கான ரெஞ்ச் இல்லையென்றால் ஃபிளாஞ்சில் கயிறு சுற்றி ஸ்பிரிங் தராசால் இழுங்கள். கயிறு சுற்றின இடத்தின் ஆரம் 2 அங்குலமானால், சீராகச் சுற்றும்போது தராசு நாலரை முதல் 9 கிலோ காட்ட வேண்டும். அதிகமாகக் காட்டினால் பினியன் ஷாஃப்ட்டில் உள்ள ஷிம்மைக் கூட்டுங்கள். நட்டைத் தளர்த்திச் சரிக்கட்டக் கூடாது.

கிரவுன் போல்ட் 10-ம் புதிது, லாக்டைட் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) தடவி, எதிரெதிராக 55 பவுண்டு-அடி. பேக்லாஷ் (பல்லுக்கும் பல்லுக்கும் இடையே உள்ள ஆட்டம்) 5 முதல் 9 தவ் (0.13–0.23 மி.மீ.), கிரவுனைச் சுற்றி நாலு இடத்தில் டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். இடத்துக்கு இடம் 2 தவ்வுக்கு மேல் வித்தியாசம் வந்தால் கிரவுனுக்கு அடியில் அழுக்கோ பிசிறோ இருக்கிறது, கழற்றித் துடையுங்கள்.

கடைசியில் பல்லில் பெயின்ட் தடவி, கிரவுனைக் கையால் கொஞ்சம் அழுத்திப் பிடித்தபடி சுற்றுங்கள். தடம் பல்லின் நடு உயரத்தில் விழ வேண்டும். அடிவேரில் விழுந்தால் பினியன் ரொம்ப உள்ளே போயிருக்கிறது, உள் பேரிங் கப்புக்குப் பின்னால் உள்ள ஷிம்மைக் குறையுங்கள். நுனியில் விழுந்தால் கூட்டுங்கள். இதற்காக மூன்று தடவை கழற்றி மாட்ட வேண்டி வந்தாலும் அலுத்துக்கொள்ளாத மெக்கானிக்காகப் பார்த்துக் கொடுங்கள்.

எண்ணெய் ஜிஎல்-5 தரத்தில் 90 நம்பர், ஃபில்லர் ஓட்டை மட்டம்வரை, சுமார் 1.2 லிட்டர் பிடிக்கும். முதல் ஓட்டம் இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம், நிறுத்தி ஆறவிடுங்கள். 500 கி.மீ. வரை பாரமும் மலை ஏற்றமும் தவிர்த்து, 800-ல் எண்ணெயை மாற்றுங்கள். வடியும் எண்ணெயில் சாம்பல் நிறத் தூள் வந்தால் பயமில்லை; விரலில் நெருடும் துணுக்கு வந்தால் மறுபடி திறக்கத்தான் வேண்டும்.

பல்சக்கரம்

டயர் கேள்விக்கு: 235/75ஆர்15 போட்டால் உயரம் 733 மி.மீ., உங்கள் 6.00-16-க்குக் கிட்டத்தட்ட அதேதான், பலன் இல்லை. 215/75ஆர்15 இன்னும் குட்டை, அலறல் கூடும். 31 அங்குல டயரில் 5.38 ஏறத்தாழ 4.98 போல நடந்துகொள்ளும். 4.88-க்குக் கிட்டத்தட்ட வந்த மாதிரிதான். ஆனால் ஸ்டீயரிங் ஒடிக்கும்போது லீஃப் ஸ்பிரிங்கில் உரசும், டிரம் பிரேக் பிடிப்பு குறையும். கோத்தகிரி இறக்கத்தில் ஓட்டுகிற வண்டிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

செலவு ஒத்துவந்தால் ஐந்து கியர் பெட்டியை யோசியுங்கள். ஐந்தாவது கியர் 0.85 என்று வைத்தால் 5.38 அங்கே 4.57 ஆகிவிடும். ஆக்சிலைத் தொடாததால் ஸ்பீடோவும் ஃபோர்வீலும் அப்படியே இருக்கும். ஃபர்ஸ்ட், செகண்ட் ரேஷியோ பழைய பெட்டிக்கு ஒப்பாக இருக்கிறதா என்று மட்டும் வாங்கும் முன் பல்லை எண்ணிப் பாருங்கள். ப்ரொபெல்லர் ஷாஃப்ட் நீளமும் மாறும், லேத்தில் வெட்டி பேலன்ஸ் செய்யும் கூலியைச் சேர்த்துக் கணக்குப் போடுங்க.